விழுந்த பங்கு எழும் என்ற மூடநம்பிக்கை

“ஒரு காலத்தில் 400 ரூபா போன பங்கு இது. இப்போது பாதி விலைக்குக் கிடக்கிறது. வாங்கிப் போடுங்கள், பழைய இடத்துக்கு வந்தே தீரும்.”

இந்தப் பேச்சு முன்பு கொழும்புத் தரகர் அலுவலகங்களோடு நின்றது. 2020 செப்டெம்பரில் கொழும்பு பங்குச் சந்தை தன் கைபேசிச் செயலியைக் கொண்டுவந்தது. வீட்டிலிருந்தே கணக்குத் திறக்கலாம் என்றானதும் பேச்சு மலைப்பகுதிகளுக்கும் ஏறிவிட்டது. இன்று லக்கலப் பகுதியில் மிளகு விற்ற காசைக் கையில் வைத்திருக்கும் ஓர் இளைஞர், ரிவஸ்டன் கணவாயைக் கடந்து மாத்தளைக்குக்கூட வரவேண்டியதில்லை. இருந்த இடத்திலிருந்தே பங்கு வாங்கலாம். அந்த வசதியைக் குறை சொல்லவில்லை. அதனோடு சேர்ந்து ஏறிவந்த நம்பிக்கையைத்தான் கண்டிக்கிறேன். ஒரு பங்கின் பழைய தினசரி விலைகளைப் பார்த்து, அது தொட்ட உச்சத்தை மீண்டும் தொடும் என்று நம்புவது தவறு. அதை நம்பிச் சேமிப்பைக் கொட்டுவது ஆபத்து.

எக்ஸ்போலங்கா ஹோல்டிங்ஸ் பங்கின் கதையை எடுத்துக்கொள்வோம். 2020இன் நடுப்பகுதியில் அது சில ரூபாவுக்கே கைமாறியது. பெருந்தொற்றுக் காலத்தில் கப்பல், விமானச் சரக்குக் கட்டணங்கள் உலகமெங்கும் பன்மடங்காயின. சரக்கு அனுப்பும் தொழிலில் இருந்த இந்த நிறுவனத்தின் இலாபம் பெருகியது, பங்கும் பறந்தது. 2022 ஜனவரியில் விலை 400 ரூபாவை ஒட்டி நின்றது. பிறகு சரக்குக் கட்டணங்கள் இறங்கின, இலாபம் சுருங்கியது, விலையும் விழுந்தது. உச்சத்தில் வாங்கியவர்கள் காத்திருந்தார்கள். 2024இல், பெரும்பான்மைப் பங்குகளை வைத்திருந்த ஜப்பானின் எஸ்ஜி ஹோல்டிங்ஸ் குழுமம், நிறுவனத்தைச் சந்தைப் பட்டியலிலிருந்து விலக்கிக்கொள்ள முடிவெடுத்தது. சிறு பங்குதாரர்களுக்குச் சொன்ன விலை பங்கொன்றுக்கு 185 ரூபா. பழைய உச்சத்தில் பாதிகூட இல்லை. காத்திருப்புக்கு அத்தோடு கதவு மூடிவிட்டது. சந்தையிலேயே இல்லாத பங்கு எந்த உச்சத்துக்குத் திரும்பும்?

“சந்தை திரும்பி வந்ததே” என்று பதில் சொல்வார்கள். வந்தது உண்மை. 2022 ஜனவரியில் 13,000ஐத் தாண்டிய அனைத்துப் பங்கு விலைச் சுட்டெண், அதே ஆண்டு ஏப்ரல் இறுதியில் 8,000க்குக் கீழே கிடந்தது. பிறகு மீண்டு, 2025இல் 20,000ஐயும் கடந்தது. ஆனால் சுட்டெண் என்பது சந்தையில் உள்ள எல்லாப் பங்குகளின் கூட்டுக் கணக்கு. சில நிறுவனங்கள் வெளியேறும், சில நலியும், வேறு சில வளர்ந்து அந்த இடத்தை நிரப்பும்; சுட்டெண் மேலே போய்க்கொண்டிருக்கும். ஒற்றைப் பங்குக்கு அப்படிக் கைகொடுக்க யாருமில்லை. எக்ஸ்போலங்காவை 400 ரூபாவுக்கு வாங்கியவருக்குச் சுட்டெண் 20,000 ஆனதால் ஒரு சதமும் வரவில்லை. ஊர் பிழைத்ததைக் காட்டி ஒவ்வொரு வீடும் பிழைத்தது என்று சொல்வது ஏமாற்று.

கணக்கும் இந்த நம்பிக்கைக்கு எதிராகவே நிற்கிறது. 400 ரூபாப் பங்கு 100 ரூபாவானால் இழப்பு 75 சதவீதம். பழைய விலைக்கு வர அது 300 சதவீதம் ஏறவேண்டும். தினசரித் தளம்பலும் சத்தமில்லாமல் முதலைத் தின்னும். 100 ரூபா ஒரு நாள் 20 சதவீதம் ஏறி மறுநாள் 20 சதவீதம் இறங்கினால் மிஞ்சுவது 96 ரூபா. இப்படியே பத்து முறை நடந்தால் கையில் 67 ரூபாகூட இருக்காது. ஏற்றமும் இறக்கமும் சமம். இழப்போ மூன்றில் ஒரு பங்கு. பணவீக்கத்தையும் சேர்த்துப் பாருங்கள். 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி ஆண்டுப் பணவீக்கம் ஏறத்தாழ 70 சதவீதம். அப்படிப்பட்ட காலத்தைக் கடந்து ஒரு பங்கு பழைய விலைக்கே வந்தாலும், அந்த ரூபாவில் பழைய அரிசி வாங்க முடியாது.

அப்படியானால் பழைய விலைப் பட்டியலால் பயனே இல்லையா? உண்டு, ஆனால் சந்தைப் பண்டிதர்கள் சொல்லும் பயன் அல்ல. 1900ஆம் ஆண்டிலேயே லூயி பஷலியே என்ற பிரெஞ்சுக் கணிதவியலாளர் பாரிஸ் சந்தை விலைகளை ஆராய்ந்து, அடுத்த அசைவு மேலா கீழா என்பதை முந்திய அசைவுகள் காட்டிக்கொடுப்பதில்லை என்ற கருத்தை முன்வைத்தார். 1963இல் பெனுவா மண்டல்புரோட் பருத்தி விலைகளை ஆராய்ந்து, பெரும் சரிவுகளும் பெரும் ஏற்றங்களும் வழக்கமான கணிப்புகள் சொல்வதைவிட மிக அடிக்கடி வருகின்றன என்று காட்டினார். கொந்தளிப்பான நாட்களை அடுத்துக் கொந்தளிப்பான நாட்களே வரும் இயல்பை அளக்கும் முறையை ரொபர்ட் எங்கிள் 1982இல் வகுத்தார். 2003இல் அதற்காக நோபல் பரிசு பெற்றார். மூவரின் ஆய்வையும் சேர்த்துப் பார்த்தால் ஒன்று தெளிவாகும்: பழைய தினசரி விலைகள் ஒரு பங்கு எவ்வளவு ஆடும் என்பதை ஓரளவு சொல்லும், எந்தப் பக்கம் போகும் என்பதைச் சொல்லாது. நம்மவர்களோ அவை சொல்லாததைக் கேட்டு ஓடுகிறார்கள், அவை சொல்வதைக் கேட்க மறுக்கிறார்கள்.

அந்த ஆட்டத்தின் அளவையும் ஒரு நாள் வந்து பொய்யாக்கும். 2022 ஏப்ரல் 25 அன்று, ஒரு வாரத்துக்கும் மேலான அடைப்புக்குப் பின் கொழும்புச் சந்தை திறந்தது. அனைத்துப் பங்கு விலைச் சுட்டெண் 12 சதவீதத்துக்கும் மேல் சரிந்து, சந்தை அன்றைக்கே மூடப்பட்டது. விலை இறங்கினால் விற்றுவிடலாம் என்றிருந்தவர்களுக்கு விற்க வழியே கிடைக்கவில்லை. இந்தியாவின் சத்யம் நிறுவனத்தில், கணக்குகளில் மோசடி நடந்ததைத் தலைவரே ஒப்புக்கொண்ட 2009 ஜனவரி 7 அன்று பங்கு ஒரே நாளில் ஏறத்தாழ 78 சதவீதம் விழுந்தது. அதன் முந்திய விலை வரைபடங்கள் எதிலும் அந்த நாள் எழுதப்பட்டிருக்கவில்லை.

மிளகோடு ஒப்பிட்டால் இது லக்கல மக்களுக்கு எளிதில் விளங்கும். விலை விழுந்தால் மிளகைக் காயவைத்து மூட்டை கட்டி வைப்பார்கள். விலை திரும்பாவிட்டாலும் மூட்டைக்குள் இருப்பது மிளகுதான், கறிக்காவது ஆகும். பங்குக்குப் பின்னால் இருப்பது பெரும்பாலும் நிறுவனத்தின் இலாபந்தான். இலாபம் போனால் மூட்டை காலி. காத்திருப்பு மிளகுக்குப் பொருந்தலாம். ஏறியதற்கான காரணமே அற்றுப்போன பங்குக்கு அது பொருந்தாது.

இளைஞர்களை மன்றாடிக் கேட்கிறேன். “முன்பு எவ்வளவு போனது” என்று யாராவது தொடங்கினால், “இப்போது எவ்வளவு உழைக்கிறது, கடன் எவ்வளவு, காலாண்டு அறிக்கை என்ன சொல்கிறது” என்று திருப்பிக் கேளுங்கள். பழைய விலைப் பட்டியலைத் திறந்தால் உச்சத்தைத் தேடாமல், ஒரே நாளில் நேர்ந்த மிகப் பெரிய வீழ்ச்சியைத் தேடுங்கள். அதைவிடப் பெரியது வந்தாலும் உங்கள் வீடு தாங்குமா என்று பாருங்கள். தாங்காது என்றால் அந்தப் பங்கு உங்களுக்கானது அல்ல. கடன் வாங்கியோ நகையை அடகு வைத்தோ ஒற்றைப் பங்கில் போடாதீர்கள். நீங்கள் எவ்வளவுக்கு வாங்கினீர்கள் என்பது பங்குக்குத் தெரியாது. அதை உங்களிடம் திருப்பிக் கொடுக்கும் கடமையும் அதற்கு இல்லை.