ஹாலுக்கும் சீலிங்குக்கும் ஒரே பெயிண்டா? காசு அங்கேதான் வீணாகுது!

பொங்கல் வருது, இல்லை வீட்டுல ஒரு கல்யாணம்னா நம்ம முதல்ல கூப்பிடுறது பெயிண்டரைத்தான். கலர் என்னங்கிறதுக்கு குடும்பமே உட்கார்ந்து ரெண்டு நாள் பேசுவோம். ஃபினிஷ் மேட்டா, சாட்டினா, கிளாஸா என்பதை மட்டும் பெயிண்டர் கையிலயே விட்டுடுவோம். என் கருத்து இதுதான்: உங்க பணத்தைத் தீர்மானிக்கிறது கலர் இல்லை, ஃபினிஷ்.

விருத்தாசலத்துக்காரங்களுக்கு இதைப் புரியவைக்கிறது ரொம்ப சுலபம். நம்ம ஊர் செராமிக் பேட்டையில பார்த்திருப்பீங்க. கிளேஸ் போடாத மண் சாமான் தண்ணியை உறிஞ்சும், கறை பிடிக்கும். கிளேஸ் போட்டுச் சுட்டதை ஒரு துணியால துடைச்சா போதும். பெயிண்ட்டும் கிட்டத்தட்ட அப்படித்தான். மேட் ஃபினிஷ்ல நிறத்தூள் அதிகம், பிசின் குறைவு. அதனால நுண்துளைகள் இருக்கும், அழுக்கு உள்ளே இறங்கிடும். பளபளப்பு கூடக்கூட பிசின் கூடும், துடைக்க வசதி. ஆனா சுவர்ல இருக்கிற மேடு பள்ளமெல்லாம் டியூப் லைட் வெளிச்சத்துல அப்படியே தெரியும்.

இப்போ கணக்குக்கு வருவோம். 400 சதுர அடி சுவர் உள்ள ஒரு ஹால்னு வெச்சுக்குவோம். இது உதாரணக் கணக்குதான், உங்க ஊர் ரேட்டைப் போட்டுப் பாருங்க. கூலி, பட்டி, பிரைமர் எல்லாம் சேர்ந்து சதுர அடிக்கு ₹12, அதாவது ₹4,800. எந்த ஃபினிஷ் அடிச்சாலும் இது மாறாது. மலிவான மேட் ₹4 வீதம் ₹1,600. துடைக்கக்கூடிய சாட்டின் ₹8 வீதம் ₹3,200. மொத்தம் முறையே ₹6,400, ₹8,000. குழந்தைங்க கை படுற சுவர்ல முதலாவது 3 வருஷம், ரெண்டாவது 5 வருஷம் தாங்கினா, வருஷச் செலவு சுமார் ₹2,133, ₹1,600. "மலிவு"ன்னு நினைச்சதுதான் விலை அதிகம்!

அதுக்காக வீடு முழுக்க சாட்டின் அடிக்கச் சொல்லலை. சீலிங்ல யார் கை படப்போகுது? அங்கே விலை கூடின ஃபினிஷ் சுத்த வீண். என் பரிந்துரை:

- சீலிங், அதிகம் புழங்காத அறை: மேட்
- ஹால், குழந்தைங்க ரூம், மாடிப்படி: சாட்டின்
- சமையலறை, பாத்ரூம்ல டைல்ஸுக்கு மேலே: செமி கிளாஸ்
- கதவு, கிரில்: எனாமல். 2017 நவம்பர்ல இருந்து வீட்டு பெயிண்ட்ல ஈயம் 90 பிபிஎம்-க்கு மேல இருக்கக் கூடாதுன்னு விதி இருக்கு. லேபிளைப் படிச்சு வாங்குங்க.

சுவர்ல ஓதம் இருந்தா எந்த ஃபினிஷும் நிக்காது. முதல்ல கசிவைச் சரி பண்ணுங்க.

வரி விஷயமும் பார்த்துடுவோம். பெயிண்டுக்கு 2018 ஜூலையில ஜிஎஸ்டி 28%-லிருந்து 18% ஆச்சு. வீட்டை வாடகைக்கு விட்டிருந்தா 30% நிலையான கழிவு கிடைக்கும். நீங்க பெயிண்ட் அடிச்சாலும் அடிக்காட்டியும் அதே 30% தான், பில்லைத் தனியா கழிக்க முடியாது. வீட்டை விற்கும்போதும் மறுபடி பெயிண்ட் அடிச்ச செலவைப் பொதுவா மேம்பாட்டுச் செலவா ஏத்துக்க மாட்டாங்க, அது பராமரிப்புதான். ஆக, இது முழுக்க முழுக்க உங்க கைக்காசு.

இன்னொண்ணு. பல பெயிண்ட் டப்பாக்கள்ல பெயிண்டருக்கு டோக்கனோ பாயிண்ட்ஸோ உண்டு. அது அவர் வருமானம், தப்பில்லை. ஆனா அவர் ஒரு பிராண்டையே அழுத்திச் சொன்னா ஏன்னு கேளுங்க. வீடு முழுக்க ஒரே ரேட்டுன்னு மொத்த காண்ட்ராக்ட் பேசாதீங்க. அறைவாரியா ஃபினிஷ் எழுதி கொட்டேஷன் வாங்குங்க.

கடைசியா, கல்யாணத்துக்கு வீடு பளிச்சுன்னு இருக்கணும்னு பெர்சனல் லோன் எடுத்துப் பெயிண்ட் அடிக்காதீங்க. இந்த வருஷம் ஹாலும் வாசலும், அடுத்த வருஷம் மத்த அறைகள். சுவர் காத்திருக்கும், இஎம்ஐ காத்திருக்காது.