அறை வாடகையில் தொடங்கும் கணக்கு



மும்பையில் வாழும் ஒரு சகோதரரின் அனுபவத்தோடு இம்மாத ஆலோசனையைத் தொடங்குகிறேன். நெல்லைப் பகுதியிலிருந்து பிழைப்புக்காக வந்து, ஒரு தனியார் அலுவலகத்தில் பணிபுரிபவர் அவர். அவருடைய மனைவிக்குப் பித்தப்பையில் கல் இருப்பது தெரியவந்து, அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்தார்கள். அலுவலகத்தின் மூலம் குடும்பத்துக்கு ரூ.3 லட்சம் மருத்துவக் காப்பீடு இருந்தது. "இன்சூரன்ஸ்தானே கொடுக்கப் போகிறது, அவள் நிம்மதியாகப் படுத்திருக்கட்டும்" என்று, நாளொன்றுக்கு ரூ.6,000 வாடகையுள்ள தனி அறையைத் தெரிந்துகொண்டார். மனைவியின்மேல் கொண்ட அன்பினால் செய்த காரியம் அது.

சிகிச்சை நலமாக முடிந்தது. நான்கு நாட்களுக்குப் பின் வீடு திரும்பும் வேளையில் கட்டணச் சீட்டு வந்தது. மொத்தம் ரூ.1,44,000. காப்பீட்டு நிறுவனம் ஒப்புக்கொண்டதோ ரூ.81,000 மட்டுமே. மீதி ரூ.63,000-ஐ அவர் கட்ட வேண்டியதாயிற்று. சபையார் சிலர் கைகொடுத்தார்கள். எஞ்சிய தொகைக்கு மனைவியின் வளையல்கள் அடகுக்குப் போயின. "என்னை ஏமாற்றிவிட்டார்கள்" என்று அவர் மனம் கசந்து சொன்னார். கட்டணச் சீட்டையும் பாலிசியையும் வாங்கி, ஒவ்வொரு வரியாக ஒப்பிட்டுப் பார்த்தோம். யாரும் ஏமாற்றியிருக்கவில்லை. கணக்கு சரியாகவே இருந்தது. அறையைத் தெரிந்துகொள்ளும்முன் பாலிசியில் ஒரு வரியை அவர் வாசித்திருக்கவில்லை, குறை அதுவே.

அந்த ஒரு வரி

அவருடைய பாலிசியில் அறை வாடகைக்கு உச்சவரம்பு இருந்தது: நாளொன்றுக்குக் காப்பீட்டுத் தொகையில் 1 சதவீதம். ரூ.3 லட்சத்தில் 1 சதவீதம் ரூ.3,000. அவர் எடுத்த அறையோ ரூ.6,000. "அப்படியானால் நான்கு நாளுக்கு ரூ.12,000 மட்டும்தானே என் கையிலிருந்து போக வேண்டும்?" என்று அவர் கேட்டார். நம்மில் அநேகர் அப்படியே எண்ணுகிறோம். ஆனால் பாலிசியில் "விகிதாசாரக் கழிவு" என்ற விதியும் இருந்தது. வரம்பைப்போல் இரு மடங்கு வாடகையுள்ள அறையை எடுத்தால், மருத்துவர் கட்டணம், மயக்க மருந்து நிபுணர் கட்டணம், அறுவை அரங்கக் கட்டணம், செவிலியர் கட்டணம் ஆகியவற்றிலும் பாதியைத்தான் நிறுவனம் கொடுக்கும்.

கணக்கைப் பாருங்கள். அறை வாடகை ரூ.24,000, கிடைத்தது ரூ.12,000. மருத்துவர், அரங்கம் முதலிய கட்டணங்கள் ரூ.90,000, கிடைத்தது ரூ.45,000. மருந்துகளும் பரிசோதனைகளும் பிற பொருட்களும் ரூ.30,000, அதில் கையுறை, முகமூடி, உடன் தங்கியவரின் உணவு போன்ற, காப்பீட்டில் சேராத ரூ.6,000 போக, கிடைத்தது ரூ.24,000. ஆக மொத்தம் ரூ.81,000. ரூ.3,000 வாடகையுள்ள அறையை எடுத்திருந்தால், அவர் கையிலிருந்து அந்த ரூ.6,000 மட்டுமே போயிருக்கும்.

இப்படி ஒரு விதி ஏன்? பல தனியார் மருத்துவமனைகளில், அறையின் தரம் உயர உயர, அதே அறுவை சிகிச்சைக்கும் அதே மருத்துவருக்கும் கட்டணம் உயர்கிறது. ஆகையால் அறையைத் தெரிந்துகொள்ளும்போது நாம் கட்டிலை மாத்திரம் அல்ல, முழுச் சீட்டின் விலைப்பட்டியலையே தெரிந்துகொள்கிறோம்.

இவ்விதிக்கும் எல்லை உண்டு. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2020-ல் வெளியிட்ட நெறிமுறைகளின்படி, மருந்து, உடலில் பொருத்தும் கருவிகள், பரிசோதனை ஆகியவற்றின் செலவில் விகிதாசாரக் கழிவு செய்யக்கூடாது. தீவிர சிகிச்சைப் பிரிவின் கட்டணத்திலும் கூடாது. அறைக்கு அறை கட்டணம் மாறாத மருத்துவமனையில் இக்கழிவுக்கே இடமில்லை. உங்கள் சீட்டில் இவற்றிலும் கழித்திருந்தால், தயங்காமல் கேளுங்கள்.

படுக்கையில் சேருமுன் கேட்க வேண்டியவை

முதலாவது, பாலிசியில் அறை வாடகை வரம்பு எவ்வளவு? அந்த வரம்புக்குள் எந்த அறை உண்டு? இதை மருத்துவமனையின் இன்சூரன்ஸ் கவுண்டரில் கேட்டு, உத்தேசச் செலவை எழுத்தில் வாங்குங்கள்.

இரண்டாவது, "கோ-பே" உண்டா? சில பாலிசிகளில், முக்கியமாக முதியவர்களுக்கு, ஒப்புக்கொண்ட தொகையில் 10 அல்லது 20 சதவீதத்தை நாமே செலுத்த வேண்டும். கண்புரை போன்ற சிகிச்சைகளுக்குத் தனி உச்சவரம்பும் இருக்கலாம்.

மூன்றாவது, காத்திருப்புக் காலம் முடிந்ததா? புதிதாக எடுத்த தனிப் பாலிசியில், விபத்து தவிர மற்ற நோய்களுக்கு முதல் 30 நாட்கள் காப்பு இராது. முன்பே இருந்த நோய்களுக்கான காத்திருப்பு, 2024 ஏப்ரல் முதல் 36 மாதங்களுக்கு மேல் போகக்கூடாது. சர்க்கரையையும் இரத்த அழுத்தத்தையும் மறைத்துப் பாலிசி எடுப்பவர்கள் உண்டு. அது உண்மைக்கு மாறானது. பணம் மிகவும் தேவைப்படும் நாளில் கோரிக்கை தள்ளுபடியாவதற்கும் அதுவே காரணமாகிறது.

பாலிசியின் நீண்ட ஆங்கிலத்தைக் கண்டு அஞ்சவேண்டாம். அதனுடன் "வாடிக்கையாளர் தகவல் தாள்" என்ற சுருக்கமான தாள் தரப்படுகிறது. வரம்பு, கழிவு, காத்திருப்பு யாவும் அதில் உண்டு. வேண்டிக் கேட்டால் உள்ளூர் மொழியிலும் அதைத் தர வேண்டும்.

வீடு திரும்பும் நாளில்

மொத்தத் தொகை மட்டும் எழுதிய சீட்டை ஏற்காதீர்கள். வரி வரியாகப் பிரித்து எழுதிய சீட்டைக் கேட்பது உங்கள் உரிமை. தேசிய மனித உரிமை ஆணையம் தயாரித்து, மத்திய சுகாதார அமைச்சகம் 2019-ல் மாநிலங்களுக்கு அனுப்பிய நோயாளர் உரிமைச் சாசனத்தில் இது உண்டு. கட்டணத் தகராறைக் காரணம் காட்டி நோயாளியைத் தடுத்து வைக்கக்கூடாது என்பதும் அதே சாசனத்தில் உள்ளது.

சீட்டு வந்ததும், கொடுக்கப்படாத மருந்து, வராத மருத்துவரின் வருகை, இரண்டுமுறை எழுதிய பரிசோதனை ஏதேனும் உண்டா என்று பாருங்கள். கோப்புக் கட்டணம், டிஸ்சார்ஜ் கட்டணம், குளிர்சாதனக் கட்டணம் போன்றவை அறை வாடகைக்குள் அடங்கியவை என்றே ஆணையத்தின் பட்டியல் சொல்லுகிறது. தனியே எழுதியிருந்தால் விளக்கம் கேளுங்கள்.

2024 மே மாதச் சுற்றறிக்கையின்படி, ரொக்கமில்லா சிகிச்சைக்கான கோரிக்கைக்கு நிறுவனம் 1 மணி நேரத்திற்குள் முடிவு சொல்ல வேண்டும். டிஸ்சார்ஜுக்கான இறுதி ஒப்புதலை 3 மணி நேரத்திற்குள் தர வேண்டும். அதற்குமேல் தாமதித்து, அதனால் மருத்துவமனை கூடுதலாக வசூலித்தால், அத்தொகை நிறுவனத்தைச் சாரும்.

கோரிக்கை மறுக்கப்பட்டால்

பாலிசியின் எந்த நிபந்தனையின்படி மறுத்தார்கள் என்பதை எழுத்தில் கேளுங்கள். முதலில் நிறுவனத்தின் குறைதீர்ப்பு அலுவலருக்கு எழுதுங்கள். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலும், வந்த பதில் திருப்தியளிக்காவிட்டாலும், காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் ஓராண்டுக்குள் முறையிடலாம். கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் தேவையில்லை. பாலிசியை ஊரில் எடுத்திருந்தாலும், நீங்கள் இப்போது குடியிருக்கும் பகுதிக்குரிய அலுவலகத்திலேயே முறையிடலாம். ஒழுங்குமுறை ஆணையத்தின் 155255 என்ற எண்ணிலும் புகார் பதிவு செய்யலாம்.

ஊரிலிருந்து பெற்றோரை அழைத்து வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 70 வயது நிறைந்தவர்களுக்கு, வருமானம் எவ்வளவாயினும், ஆயுஷ்மான் பாரத் திட்டத்தில் ஆண்டுக்கு ரூ.5 லட்சம் வரை காப்பு 2024 அக்டோபரில் தொடங்கிவைக்கப்பட்டது. திட்டத்தை நடத்தும் மாநிலத்தில் இருப்பவர்கள், ஆதார் அட்டையைக் கொண்டு பெற்றோருக்கு அட்டை பெற்று வையுங்கள். நோய் வந்தபின் ஓடுவது கடினம்.

பிரியமானவர்களே, நம் சபைகளில் யாரேனும் மருத்துவமனையில் இருந்தால் பழங்களோடும் ஜெபத்தோடும் ஓடிச் செல்லுகிறோம். அது நம்மிடமுள்ள நல்ல வழக்கம். இனி, அனுமதிக்கப்படும் நாளிலேயே ஒருவர் உடன் சென்று, பாலிசியை வாசித்து, அறை வாடகை வரம்பைக் கேட்டுச் சொல்லட்டும். அலுவலகங்களில் பணிபுரியும் நம் வாலிபர்கள் இதைச் செய்யக் கூடியவர்களே. கடைசி நாளில் திரட்டித் தரும் பணத்தைவிட, முதல் நாளில் சொல்லும் அந்த ஒரு வார்த்தை குடும்பத்துக்கு அதிக உதவியாக இருக்கும்.

அச்சகோதரர் இப்போது தம் பாலிசியின் பிரதி ஒன்றை வீட்டு அலமாரியில், மனைவிக்கும் தெரிந்த இடத்தில் வைத்திருக்கிறார். அறை வாடகை வரிக்குக் கீழே சிவப்பு மையால் கோடிட்டிருக்கிறார். வளையல்களை இன்னும் மீட்கவில்லை. இன்றிரவு உங்கள் வீட்டுப் பாலிசியையும் எடுத்து, அந்த வரியைத் தேடிப் பாருங்கள்.