கூண்டுக்கு அடுப்படி வேண்டாம்!

குழந்தைகளே... உங்கள் வீட்டில் லவ் பேர்ட்ஸ் இருக்கிறதா? இதைப் படித்து முடித்ததும், கூண்டு எங்கே தொங்குகிறது என்று போய்ப் பாருங்கள். சமையலறையிலோ, அதை ஒட்டிய அறையிலோ இருந்தால், இன்றே இடம் மாற்றச் சொல்லி அம்மாவிடம் கேளுங்கள். மறுத்தால் அடம் பிடியுங்கள். வாத்தியாரே அடம் பிடிக்கச் சொல்கிறாரே என்று சிரிக்காதீர்கள். இந்த ஒரு விஷயத்துக்கு மட்டும் அனுமதி உண்டு!

காரணம் சொல்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன், பேத்தி ஆசைப்பட்டாள் என்று ஒரு ஜோடி வாங்கினோம். நம் ஊர்க் கடைகளில் லவ் பேர்ட்ஸ் என்று விற்கும் பறவைகளில் பெரும்பாலானவை, ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த பட்ஜெரிகர். (நம் ஊர்ப் பச்சைக்கிளியைக் கூண்டில் அடைப்பது சட்டப்படி குற்றம். அந்த ஆசையே வேண்டாம்.) சமையலறை ஜன்னல் ஓரம் கூண்டைத் தொங்க விட்டோம். வெளிச்சம் இருந்தது, பூனை தொல்லை இல்லை, பாட்டிக்கும் பேச்சுத் துணை.

ஒரு நாள் மாலை, வீட்டில் நான் மட்டும். தோசை வார்க்கலாம் என்று நான்-ஸ்டிக் கல்லை அடுப்பில் வைத்தேன். அப்போது பார்த்து, பழைய மாணவன் ஒருவன் வாசலில் வந்து நின்றான். பேச்சு வளர்ந்தது. திரும்பி வந்தபோது, கல் வெறுமனே காய்ந்து கொண்டிருந்தது. கரும்புகை எதுவும் இல்லை. எனக்கு இருமல் கூட வரவில்லை. ஆனால், கூண்டின் தரையில் இரண்டும் கிடந்தன.

கால்நடை மருத்துவர் கேட்ட முதல் கேள்வி, 'அடுப்பில் என்ன இருந்தது?' என்பது தான்.

நான்-ஸ்டிக் பாத்திரங்கள் பலவற்றில், பி.டி.எப்.இ., என்ற செயற்கைப் பொருளைப் பூசுகின்றனர். 260 டிகிரி செல்சியசைத் தாண்டிச் சூடானால், அது சிதையத் தொடங்கி, நச்சு வாயுக்கள் வெளியேறும். தண்ணீர் கொதிக்கும் பாத்திரம், 100 டிகிரியை ஒட்டியே நிற்கும். ஒன்றுமே இல்லாத கல்லுக்கு அந்தத் தடை இல்லை. சில நிமிடங்களில் எங்கோ போய்விடும். அந்தக் காற்றை நிறைய சுவாசித்தால், மனிதருக்கும் சளிக் காய்ச்சல் போல உடம்பு படுத்தும். பறவைக்கோ உயிரே போய்விடும்.

ஏன் இந்த வித்தியாசம்? நாம் மூச்சை இழுக்கிறோம். வந்த வழியே வெளியே விடுகிறோம். பறவையின் உடம்பில், நுரையீரலோடு சேர்ந்து காற்றுப் பைகள் இருக்கின்றன. இழுக்கும்போதும், விடும்போதும் நுரையீரல் வழியே ஒரே திசையில் புதுக் காற்று போய்க்கொண்டே இருக்கும். பறப்பதற்கு அவ்வளவு ஆக்சிஜன் வேண்டுமே! நல்ல காற்றை மளமளவென்று எடுத்துக் கொள்ளும் அதே நுரையீரல், நச்சையும் அப்படியே எடுத்துக் கொள்கிறது.

பிரிட்டன் நிலக்கரிச் சுரங்கங்களில், கேனரி பறவையைக் கூண்டோடு கொண்டு போவது வழக்கமாக இருந்தது. கார்பன் மோனாக்சைடு கசிந்தால், மனிதரை விட முதலில் அது தள்ளாடும். தொழிலாளர்கள் தப்பித்து ஓடுவர். ஜான் ஸ்காட் ஹால்டேன் என்ற விஞ்ஞானி சொன்ன யோசனை இது. 1986ல் தான், இனி கருவிகள் போதும் என்று முடிவு செய்தனர். இந்தக் கதையை, வகுப்பில் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். என் வீட்டு அடுப்புக்கு மேலே கூண்டைத் தொங்க விட்டபோது, அது என் நினைவுக்கே வரவில்லை!

'ஜன்னல் திறந்து தானே இருக்கிறது?' என்பார் அப்பா. என் வீட்டிலும் திறந்து தான் இருந்தது. 'இத்தனை நாள் ஒன்றும் ஆகவில்லையே?' என்பார் அம்மா. எங்கள் வீட்டிலும் எட்டு மாதம் ஒன்றும் ஆகவில்லை. பறவை இருக்கும் வீட்டில், நான்-ஸ்டிக் பாத்திரமே வேண்டாம் என்பது என் கருத்து. பாட்டி காலத்து இரும்புக் கல்லை எண்ணெய் தடவிப் பழக்கினால், தோசை நன்றாகவே எழும்பும்.

பறவையை வீட்டுக்குள் பறக்க விடுபவர்கள், சமையலறைக் கதவைச் சாத்தி விடுங்கள். கொதிக்கும் ரசம், எண்ணெய்ச் சட்டி, மூடாத தண்ணீர் வாளி எல்லாமே அதற்கு ஆபத்து தான். சாக்லெட், காபி, பட்டர் புரூட், உப்புப் போட்ட மிக்சர் கொடுக்கக் கூடாது. மிளகாய் தரலாமா என்று கேட்பீர்கள்; தரலாம். பறவைக்கு மிளகாயின் காரம் உறைக்காது! மிளகாய் தாளிக்கும் புகை மட்டும் ஆகாது.

பறவை வாயைத் திறந்து மூச்சு வாங்கினாலோ, வால் மேலும் கீழும் ஆடினாலோ, கூண்டோடு திறந்த வெளிக்குத் தூக்கிப் போங்கள். அடுப்பைப் பெரியவர்கள் அணைக்கட்டும். வாயில் தண்ணீர் ஊற்றாமல், உடனே கால்நடை மருத்துவரிடம் போக வேண்டும்.

சிலர் வீட்டில் சமையல், படுக்கை எல்லாம் ஒரே அறையில் தான். அவர்கள் என் மேல் கோபப்படக் கூடாது. அந்த வீட்டில் கூண்டுப் பறவை வேண்டாம். நானும் இப்போது வளர்ப்பதில்லை. மொட்டை மாடிச் சுவரில் ஒரு மண் சட்டியில் தண்ணீர் வைக்கிறேன். தினமும் நாலு மணிக்கு, ஒரு மைனா ஜோடி வருகிறது. சட்டி காலியாக இருந்தால், பேத்தி ஓடி வரும் வரை கத்துகிறது.