கறுத்த ஆயில் எல்லாம் கெட்ட ஆயில் அல்ல

குவாரி, கிரஷர், போர்வெல் தொழிலில் இருப்பவர்களிடம் ஒரு பேச்சு அசையாமல் நிற்கிறது. ஆயில் டெஸ்ட் என்பது கம்பெனிக்காரன் காசு பார்க்கும் வழி. நல்ல மெக்கானிக் இரண்டு விரலில் தேய்த்துப் பார்த்தே சொல்லிவிடுவான். மணிக்கணக்குப்படி ஆயிலை மாற்றி, கூலருக்கு அவ்வப்போது தண்ணீர் அடித்தால் வண்டிக்கு ஒன்றும் ஆகாது. இதைச் சொல்பவர்கள் விவரம் இல்லாதவர்கள் அல்லர். இருபது வருடம் பொக்லைன் ஓட்டியவர்களும், திருச்செங்கோட்டிலிருந்து ரிக் வண்டியை வெளிமாநிலங்களுக்கு அனுப்பித் தொழில் செய்பவர்களும்கூடச் சொல்கிறார்கள். அதனால் அலட்சியமாகத் தள்ளிவிடாமல் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்போம்.

காசு பார்க்கும் வழி என்ற குற்றச்சாட்டு சீக்கிரம் முடிந்துவிடும். ஓடும் இன்ஜினின் ஆயிலில் எந்த உலோகம் எவ்வளவு கலந்திருக்கிறது என்று பார்க்கும் முறையை முதலில் கையாண்டவர்களில் முக்கியமானவர்கள் அமெரிக்க ரயில்வேக்காரர்கள். 1940களில் டென்வர் அண்ட் ரியோ கிராண்ட் வெஸ்டர்ன் ரயில்வே, டீசல் இன்ஜினைப் பிரிக்காமலே பேரிங் தேய்மானத்தைக் கண்டுபிடிக்க இதைப் பயன்படுத்தியது. பிறகு அமெரிக்கக் கடற்படை தன் விமானங்களுக்கு எடுத்துக்கொண்டது. சொந்த இன்ஜினைக் காப்பாற்ற நினைத்தவர்கள் பிடித்த வழி இது. ஆயில் விற்பவர் இலவசமாகச் செய்து தரும் டெஸ்டில் சந்தேகம் இருந்தால் தனி லேபுக்கு அனுப்புங்கள், சந்தேகம் நியாயமானதுதான். கட்டணமோ, இருபது டன் பொக்லைன் ஒரு ஷிப்டில் குடிக்கும் டீசல் காசைத் தாண்டாது.

அடுத்தது விரல். டிப்ஸ்டிக்கை உருவிப் பார்த்துக் கறுப்பாக இருந்தால் ஆயில் போய்விட்டது என்பார்கள்; பளிச்சென்று இருந்தால் இன்னும் ஓட்டலாம் என்பார்கள். டீசல் இன்ஜினில் புது ஆயில் சில மணி நேரத்திலேயே கறுத்துவிடும். எரிந்த டீசலின் கரி உள்ளே படிந்துவிடாமல் ஆயிலிலேயே மிதக்கட்டும் என்றுதான் அதில் மருந்து சேர்த்திருக்கிறார்கள். கறுத்தால் அது தன் வேலையைச் செய்கிறது என்று பொருள். ஹைட்ராலிக் ஆயிலில் கதை நேர்மாறு. தேன் நிறத்தில் தெளிவாக இருந்துகொண்டே அது பம்பைத் தின்னும். நம் கண்ணுக்கு ஏறத்தாழ 40 மைக்ரானுக்குக் குறைந்த தூசு தெரியாது. ஹைட்ராலிக் பம்பின் பிஸ்டன் ஓடும் இடைவெளியோ சில மைக்ரான்தான். பம்பை அரிப்பது அந்த அளவுத் தூசு, கண்ணுக்கும் விரலுக்கும் எட்டாதது. அதை எண்ணிச் சொல்லத்தான் ஐ.எஸ்.ஓ. 4406 என்ற அளவுமுறை இருக்கிறது. ஒரு மில்லி ஆயிலில் 4, 6, 14 மைக்ரானும் அதற்கு மேலுமாக எத்தனை துகள் என்பதை மூன்று எண்களில் சொல்லும். எண் ஒன்று கூடினால் துகள் இரட்டிப்பு. இந்தக் கணக்கில் பார்த்தால் சீல் உடைக்காத புது பேரல் ஆயிலே பல நேரம் தேறாது. அதை வெயிலிலும் மழையிலும் நிற்க வைத்தால் மூடிமேல் தேங்கிய தண்ணீர், பேரல் இரவில் குளிர்ந்து சுருங்கும்போது உள்ளே போகும். நம் யார்டுகளில் பேரல் வேறு எப்படி நிற்கிறது?

மணிக்கணக்கு வாதத்துக்கு வருவோம். 250 மணி, 500 மணி என்று மேனுவல் சொல்வது சராசரி வேலைக்கு. ஏர் பில்டருக்கும் டர்போவுக்கும் இடையில் உள்ள ஹோஸ் கிளாம்ப் ஒன்று தளர்ந்திருப்பது ஹவர் மீட்டருக்குத் தெரியாது. எம்-சாண்ட் தூசு அந்த வழியாக உள்ளே போய்க்கொண்டே இருக்கும். ரிப்போர்ட்டில் சிலிக்கானும் அலுமினியமும் ஏறும். கூடவே இரும்பும் குரோமியமும், அதாவது லைனரும் ரிங்கும், ஏறும். நான்கும் சேர்ந்து ஏறினால் தூசு உள்ளே போகிறது. ஒரு கிளாம்பை முறுக்கினால் முடிந்துபோகும் வேலை. இன்ஜின் புகை தள்ள ஆரம்பித்த பிறகு தெரிந்தால் போர் பண்ண வேண்டும். மறுபக்கம், நன்றாக இருக்கும் ஹைட்ராலிக் ஆயிலைத் தேதி வந்துவிட்டது என்று பேரல் கணக்கில் வடித்துக் கொட்டுவதும் இதே மணிக்கணக்குதான். வடித்த ஆயில் 2016ஆம் ஆண்டு விதிகளின்படி அபாயக் கழிவு என்பதும் பலருக்கு நினைவில்லை.

இனி, எதிர்த்தரப்பின் பலமான வாதம். ரிப்போர்ட்டில் காப்பர் அதிகம் என்று பயமுறுத்துவார்கள், இன்ஜினைப் பிரித்தால் பேரிங் புதிதுபோல இருக்கும், வேலை நின்றதுதான் மிச்சம் என்கிறார்கள். நடப்பது உண்மை. ஆனால் தப்பு டெஸ்டில் இல்லை, படித்த விதத்தில் இருக்கிறது. புது இன்ஜினில், அல்லது ஆயில் பிராண்டை மாற்றியபோது, செம்பு கூலரின் சுவரோடு ஆயிலில் உள்ள தேய்மானத் தடுப்பு மருந்து வினை புரியும். அதனால் செம்பு ஆயிலில் இறங்கி, நூற்றுக்கணக்கான பிபிஎம் வரைகூடக் காட்டும். கூலர் சுவரில் படலம் பிடித்ததும் தானாகக் குறைந்துவிடும். பேரிங் தேய்ந்தால் செம்பு தனியாக வராது. ஈயமோ வெள்ளீயமோ கூடவே ஏறும். பெரும்பாலும் இரும்பும் கொஞ்சம் ஏறும். செம்பு மட்டும் ஏறி மற்றதெல்லாம் சும்மா இருந்தால் முதலில் கூலரைப் பாருங்கள், ஸ்பேனரை எடுக்காதீர்கள். இதைச் சொல்லித் தராத லேபை மாற்றிவிடலாம்.

செம்போடு சோடியமும் பொட்டாசியமும் ஏறினால் அது வேறு விஷயம். கூலன்ட் ஆயிலில் கலக்கிறது. பலர் நம்புவது, ஆயில் கூலர் ஓட்டையானால் ஆயில் மோர்போல வெளுத்துக் காட்டிக்கொடுத்துவிடும் என்று. பெரிய ஓட்டையானால் சரி. மயிரிழை விரிசலில் நடப்பதைக் கவனியுங்கள். இன்ஜின் ஓடும்போது ஆயில் பிரஷர் கூலன்ட் பிரஷரைவிட அதிகம். அதனால் ஆயில்தான் ரேடியேட்டர் பக்கம் போகும். இன்ஜினை அணைத்த நிமிடம் ஆயில் பிரஷர் பூஜ்யம். சூடான ரேடியேட்டரிலோ பிரஷர் இன்னும் நிற்கிறது. அப்போது கூலன்ட் ஆயிலுக்குள் இறங்கும். மறுநாள் இன்ஜின் சூடானதும் தண்ணீர் ஆவியாகிப் போய்விடும். டிப்ஸ்டிக்கில் ஒன்றும் தெரியாது. கூலன்டில் உள்ள கிளைக்கால் அங்கேயே தங்கி அமிலமும் சேறுமாக மாறிப் பேரிங்கை அரிக்கும். தண்ணீர் போனாலும் போகாமல் நிற்கும் தடயம் அந்தச் சோடியமும் பொட்டாசியமும்தான். ரேடியேட்டரில் கூலன்ட் ஊற்றாமல் போர்த்தண்ணீர் ஊற்றி ஓட்டுகிறவர்களுக்கு இந்தத் தடயமும் தெளிவாகக் கிடைக்காது, கூலரும் சீக்கிரம் அரித்துவிடும்.

தண்ணீர் அடித்தால் போதும் என்பது எல்லோரும் செய்வது, பெரும்பாலும் தப்பாகச் செய்வது. பொக்லைனின் சைடு கதவைத் திறந்து பாருங்கள். பல மாடல்களில் ஏசி கண்டென்சர், ஹைட்ராலிக் கூலர், ரேடியேட்டர் எல்லாம் ஒன்றுக்கொன்று ஒட்டினாற்போல நிற்கும். வெளியே தெரியும் முகம் சுத்தமாக இருக்கும். ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடையில் உள்ள சந்தில் தூசும் சருகும் கம்பளிபோலப் படிந்திருக்கும். அங்கே டார்ச் அடித்துப் பார்க்கிற ஆபரேட்டர் அபூர்வம். காய்ந்த தூசின் மேல் நேராகத் தண்ணீர் அடித்தால் அது சேறாகிப் பின்களுக்கு நடுவில் இறுகும். பிரஷர் வாஷரைக் கிட்டத்தில் சாய்த்துப் பிடித்தால் பின்கள் மடங்கி, காற்று போகும் வழியே அடைபடும். முதலில் ஏர், அதுவும் பேன் காற்று போகும் திசைக்கு எதிர்ப்பக்கத்திலிருந்து. ஆயில் கசிந்து பிசுக்குப் பிடித்திருந்தால் டிடர்ஜென்ட் ஊற வைத்து, பிறகு குறைந்த பிரஷரில் தண்ணீர்.

இவ்வளவு மெனக்கெட வேண்டுமா என்றால், ஆயிலின் வெப்பம் 10 டிகிரி ஏறினால் அது ஆக்ஸிஜனோடு சேர்ந்து கெடும் வேகம் ஏறத்தாழ இரட்டிப்பாகும். ஹைட்ராலிக் ஆயில் 82 டிகிரியைத் தாண்டி ஓடினால் பெரும்பாலான சீல்களின் ஆயுளும் குறையும். கூலரைத் திறந்து பார்க்காமல், சூடு ஏறுகிறது என்று திக்கான ஆயிலுக்கு மாறுகிறார்கள். தேவைக்கு மேல் திக்கான ஆயில் ஓடும்போது தன் உராய்விலேயே சூட்டைக் கூட்டும். தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிவது இன்னொரு கை வைத்தியம். சில இன்ஜின்களில் அப்படிச் செய்தால் கூலன்ட் ரேடியேட்டர் பக்கம் சரியாகப் போகாமல் பைபாஸிலேயே சுற்றும். சூடு இன்னும் ஏறும்.

கடைசியாக ஒரு நம்பிக்கை: பம்பு போனால் பம்பை மாற்றினால் போதும், பேரிங் அடித்தால் இன்ஜினைக் கட்டினால் போதும். உடைந்த உலோகத் தூள் எங்கே போனது? ஆயில் போன இடமெல்லாம் போனது. கூலரின் குறுகலான வழிகளில் தங்கியது. வெறுமனே டீசல் ஊற்றிக் கழுவினால் அது முழுதாக வராது. லட்சக்கணக்கில் செலவு செய்து போட்ட புது பம்பு சீக்கிரமே மறுபடி போனால் ஸ்பேர் டூப்ளிகேட் என்று கடைக்காரரைத் திட்டுவார்கள். பழைய கூலரை யாரும் திட்டுவதில்லை. பெரிய சேதத்துக்குப் பிறகு கூலரை மாற்றுவதுதான் சரி.

டெஸ்டால் எல்லாம் தெரியும் என்று நானும் சொல்லமாட்டேன். வழக்கமான ஸ்பெக்ட்ரோமீட்டர் 5 முதல் 10 மைக்ரானுக்கு மேற்பட்ட துகளைச் சரியாகப் பார்க்காது. கியர் பல்லிலிருந்து பெயர்ந்த பெரிய சில்லு அதன் கண்ணுக்குத் தப்பிவிடும். அதற்கு பில்டரை வெட்டிப் பார்க்க வேண்டும். ரம்பத்தால் அறுத்தால் அறுத்த தூளே உள்ளே விழும், ஆகவே பில்டர் கட்டர் தேவை. தாளை விரித்துக் காந்தம் காட்டுங்கள். ஒட்டுவது இரும்பு; ஒட்டாமல் மஞ்சளாக மின்னுவது புஷ் அல்லது பம்பின் வெண்கலம். அதேபோல ஒரே ஒரு டெஸ்ட் வீண் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஒரே வண்டி, ஒரே இடத்தில் எடுத்த மாதிரி, மூன்று நான்கு முறை தொடர்ந்தால்தான் எண்கள் பேசும்.

ஆகவே வண்டி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த சர்வீசில், ஆயிலை வடிப்பதற்கு முன், இன்ஜின் சூடாக இருக்கும்போதே டிப்ஸ்டிக் குழாய் வழியாக ஒரு சின்ன பாட்டில் ஆயிலை உறிஞ்சி எடுங்கள். அடியில் வடியும் சேற்றைப் பிடிக்காதீர்கள். ஆயில் எத்தனை மணி ஓடியது, நடுவில் எத்தனை லிட்டர் டாப்-அப் செய்தீர்கள் என்பதைப் பாட்டில்மேல் எழுதி அனுப்புங்கள். ரிப்போர்ட் வருவதற்குள் கூலருக்கும் ரேடியேட்டருக்கும் இடையில் டார்ச் அடித்துப் பார்த்துவிடுங்கள்.