புயலுக்கு முன்னால் மொட்டை மாடிக்கு யார் போவது?

2016 டிசம்பர் 12. வர்தா புயலின் கண் பகுதி சென்னையைக் கடந்தபோது காற்று சட்டென்று அடங்கியது. ‘அவ்ளோதான், முடிஞ்சுது’ என்று நினைக்கத் தோன்றும் நேரம் அது. ஆனால் கொஞ்ச நேரத்தில் எதிர்த்திசையிலிருந்து மறுபடியும் வீசத் தொடங்கியது. கண் பகுதி கடக்கும் இடங்களில் இப்படித்தான் நடக்கும். முதல் சுற்றில் ஆட்டம் கண்ட தகரமும் கிளையும் இரண்டாவது சுற்றில் பிய்த்துக்கொண்டு போகும்.

கான்கிரீட் வீட்டுக்காரர்களுக்குச் சுவரைப் பற்றிப் பெரிய பயம் தேவையில்லை. காற்று தூக்கிவரும் பொருள்தான் ஆபத்து. அது பெரும்பாலும் ஏதோ ஒரு மொட்டை மாடியிலிருந்து வருகிறது. அபார்ட்மென்ட்களில் சிக்கலே இங்கேதான். வாடகைக்கு இருப்பவர் ‘ஓனர் பார்த்துக்குவார்’ என்கிறார். வெளியூரில் இருக்கும் ஓனர் ‘அசோசியேஷன் பார்த்துக்கும்’ என்கிறார். வாட்ஸ்அப் குரூப்பில் புயல் மேப் சுற்றிச் சுற்றி வருகிறது. மாடிப்படி ஏற ஆள் இல்லை.

இத்தனைக்கும் அது ஒரு மணி நேர வேலை. காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அது தள்ளும் விசை நான்கு மடங்காகும். 60 கி.மீ. வேகத்தில் அசையாத ஷீட்டை 120 கி.மீ. காற்று விட்டுவைக்காது. பூந்தொட்டி, உடைந்த நாற்காலி, துணி ஸ்டாண்டு எல்லாம் உள்ளே வரட்டும். பிளாஸ்டிக் டேங்க்கை நிரப்பி வையுங்கள். காலி டேங்க் உருண்டோடும். 1,000 லிட்டர் தண்ணீர் இருந்தால் அதன் எடை ஒரு டன். கரண்ட் போன பிறகு அந்தத் தண்ணீர்தான் கைகொடுக்கும்.

அடுத்து, மாடியில் மழைநீர் இறங்கும் குழாயின் வாய். நாலு காய்ந்த இலையும் ஒரு பாலித்தீன் கவரும் போதும், அடைத்துக்கொள்ள. 1,000 சதுர அடி மாடியில் 10 செ.மீ. தண்ணீர் தேங்கினால், தளத்தின் மேல் ஏறும் எடை 9 டன்னுக்கு மேல். டாப் ஃப்ளோர் வீட்டு சீலிங் கசிவதற்குப் பல நேரம் காரணம் இந்த அடைப்புதான்.

ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வைத்தால் அழுத்தம் சமமாகும் என்று ஒரு பழைய நம்பிக்கை உண்டு. தவறு. உள்ளே புகும் காற்று கூரையைக் கீழிருந்து மேலே தள்ளும். ஷீட், ஓட்டு வீடுகளில் இது ரொம்ப ஆபத்து. எல்லாவற்றையும் மூடித் தாழ் போடுங்கள்.

தரைத்தள வீடுகளுக்குத் தண்ணீர்தான் முதல் எதிரி. 2023 டிசம்பரில் மிக்ஜாம் கரையைக் கடந்தது ஆந்திராவில். ஆனால் வேளச்சேரியும் பள்ளிக்கரணையும் மூழ்கின. சம்ப் மூடியை இறுக்கி மூடுங்கள், சாக்கடை கலந்தால் மொத்தத் தண்ணீரும் வீண். தண்ணீர் ஏறத் தொடங்கும் முன்பே மெயினை அணையுங்கள், கூடவே இன்வெர்ட்டரையும். மெயினை அணைத்தாலும் இன்வெர்ட்டர் வீட்டு வயர்களுக்குக் கரண்ட் கொடுத்துக்கொண்டே இருக்கும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

இன்ஷூரன்ஸ் ஓனருக்கு மட்டும்தான் என்பதும் சரியல்ல. 2021 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருக்கும் ‘பாரத் கிருஹ ரக்ஷா’ பாலிசியில் புயல், வெள்ளச் சேதம் அடங்கும். வாடகைக்கு இருப்பவர் வீட்டுப் பொருள்களுக்கு மட்டும்கூட எடுக்கலாம். டிவி, ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷினை இப்போதே போட்டோ எடுத்து பில்லோடு மெயிலில் போட்டு வையுங்கள். வெள்ளம் வடிந்ததும் நனைந்த மெத்தையைத் தூக்கி எறியத்தான் கை பரபரக்கும். இன்ஷூரன்ஸ் கம்பெனிக்குத் தகவல் சொல்லி, போட்டோ எடுத்த பிறகு எறியுங்கள்.