பார்த்ததை வரையுங்கள்

முதலாம் ஆண்டு மாணவர்களுக்கு உயிரியல் செய்முறை வகுப்பு எடுப்பது, எங்களைப் போன்ற ஆய்வு மாணவர்களின் தலையில் விழும் வேலை. இந்தப் பருவத்தின் முதல் செய்முறை கன்னச் செல். பல்குச்சியால் கன்னத்தின் உட்பக்கத்தை மெல்லச் சுரண்டி, கண்ணாடி ஸ்லைடில் தடவி, ஒரு சொட்டு மெத்திலீன் நீலம் விட்டு மூட வேண்டும். நுண்ணோக்கியில் 400 மடங்கு பெரிதாக்கிப் பார்த்தால் வெளிர்நீலத் தட்டுகளாகச் செல்கள் தெரியும். நடுவே அடர்நீலப் புள்ளியாக உட்கரு.

அன்று முப்பது பேரின் ஸ்லைடுகளும் ஒரே தட்டில் கலந்துவிட்டன. யாரும் பெயர் எழுதவில்லை. "அண்ணா, இதுல என்னோடது எது?" என்று ஒரு மாணவி கேட்டார். எனக்கும் தெரியவில்லை. முன்வரிசையில் இருந்த ஒருவன், "நல்லா உத்துப் பாருங்கண்ணா, கம்யூனிட்டி தெரிஞ்சாலும் தெரியும்" என்றான். வகுப்பே சிரித்தது. பக்கத்தில் இருந்தவன் மட்டும் சிரிக்காமல் சொன்னான்: "செல்லுல தெரியாது. ஜீன்ல தெரியும்."

அவன் சொன்னதைக் கோபப்பட்டுக் கடந்துபோக எனக்கு மனமில்லை. இன்று படித்தவர்கள் நடுவே உலவும் வாதம் அது. முன்பு பூர்வஜென்மப் புண்ணியம் என்றார்கள். பிறகு ரத்தம் என்றார்கள். இப்போது ஜீன் என்கிறார்கள். சொல்தான் மாறியிருக்கிறது. நம் மேடைகளில் இதற்கு வழக்கமாகத் தரும் பதில், "எல்லோர் ரத்தமும் சிவப்புதான்" என்பது. உண்மைதான், ஆனால் போதாது. ரத்தம் சிவப்பு என்பது சாதியைக் கட்டிக் காப்பவர்களுக்கும் தெரியும். அவனிடம் கேட்க வேண்டியவை இரண்டு கேள்விகள். அது உனக்கு எப்படித் தெரியும்? எதைக் காட்டினால் உன் கருத்தை மாற்றிக்கொள்வாய்? அறிவியல் சிந்தனை என்று நாம் சொல்வதன் அடிப்படையே இந்த இரண்டு கேள்விகள்தான்.

கேட்டேன். "ரிசர்ச் பேப்பரே இருக்குண்ணா" என்றான். இருக்கிறது. அதை வகுப்பிலேயே எடுத்துப் பேசினோம். ஹைதராபாத்தின் செல் மற்றும் மூலக்கூறு உயிரியல் மையமும் ஹார்வர்டு ஆய்வாளர்களும் சேர்ந்து 2013-இல் வெளியிட்ட ஆய்வு அது. ஏறத்தாழ 4,200 ஆண்டுகளுக்கு முன்பிருந்து 1,900 ஆண்டுகளுக்கு முன்பு வரை இந்தத் துணைக்கண்டத்து மக்கள் பரவலாகக் கலந்திருக்கிறார்கள், அதன் பிறகே கலப்பு அரிதாகி அகமணம் இறுகியிருக்கிறது என்பதே அதன் முடிவு. குழுக்களுக்கிடையே மரபணுவில் சில வேறுபாடுகள் இருப்பது உண்மை. ஆனால் அவை சாதிக்குக் காரணம் அல்ல, சாதியின் விளைவு. குளத்தின் நடுவே சுவரை எழுப்பிவிட்டு, சில காலம் கழித்து வந்து, "பாருங்கள், இந்தப் பக்கத் தண்ணீரும் அந்தப் பக்கத் தண்ணீரும் ஒன்றாக இல்லை, அதனால்தான் சுவர் வேண்டும்" என்று சொன்னால் எப்படி இருக்கும்? அப்படித்தான் இருக்கிறது இந்த ஜீன் வாதம்.

அகமணமே சாதியின் சாரம் என்று 1916-இல் கொலம்பியா பல்கலைக்கழகக் கருத்தரங்கு ஒன்றில் கட்டுரை வாசித்தார் அண்ணல் அம்பேத்கர். அப்போது அவருக்கு வயது 25. மனித மரபணுவைப் படிக்கும் கருவி உலகில் எங்குமே இல்லாத காலம் அது. முன்னிருந்த அறிஞர்களின் வரையறைகளை ஒவ்வொன்றாக எடுத்து, எது நிற்கிறது, எது நிற்கவில்லை என்று சோதித்து அவர் அந்த இடத்துக்கு வந்தார். நான் வகுப்பில் 'அறிவியல் முறை' என்று கரும்பலகையில் எழுதிப் போடுவதும் இதைத்தான்.

வேதியியல் பாடத்துக்கு வருவோம். உயிருள்ளவற்றின் பொருட்களை உயிர் மட்டுமே உண்டாக்க முடியும், அவற்றில் தனியான ஓர் உயிர்விசை இருக்கிறது என்று ஒரு காலத்தில் நம்பினார்கள். 1828-இல் ஃபிரெடரிக் வோலர் என்ற ஜெர்மானிய வேதியியலாளர், சிறுநீரில் இருக்கும் யூரியாவைச் சிறுநீரகத்தின் உதவியே இல்லாமல் ஆய்வகத்தில் செய்து காட்டினார். ஒரு கார்பன், ஓர் ஆக்சிஜன், இரண்டு நைட்ரஜன், நான்கு ஹைட்ரஜன். அவ்வளவுதான் யூரியா. அது மாட்டிலிருந்து வந்தாலும் மனிதரிடமிருந்து வந்தாலும் உரமூட்டையிலிருந்து வந்தாலும் அதே எட்டு அணுக்கள்தான்.

இதை மனத்தில் வைத்துக்கொண்டு மகாடுக்குப் போவோம். 1927 மார்ச் 20 அன்று அம்பேத்கரும் அவரோடு வந்தவர்களும் சவுதார் குளத்தில் நீர் அருந்தினார்கள். பிறகு சாதி இந்துக்கள் 108 குடங்களில் சாணம், மாட்டு மூத்திரம், பால், தயிர் கலந்து, மந்திரம் ஓதிக் குளத்தில் ஊற்றி அதைப் 'புனிதமாக்கினார்கள்'. குடிநீரில் கழிவு கலந்திருக்கிறதா என்று பார்க்க நாங்கள் ஆய்வகத்தில் தேடுவது ஈ.கோலை என்ற பாக்டீரியாவை. அது சாணத்தில் உண்டு. மனிதரின் உள்ளங்கையில் ஏந்திய நீரைத் தீட்டு என்றவர்கள், கழிவைக் கொட்டி அதற்குச் சுத்தம் என்று பெயர் வைத்தார்கள். 2022 டிசம்பரில் வேங்கைவயலில், பட்டியல் சாதி மக்கள் குடிக்கும் மேல்நிலைத் தொட்டியில் மனித மலமே கலக்கப்பட்டது. தீட்டுக்கு ஆயிரம் விதி எழுதிய சமூகத்தால் அந்த மக்களுக்கு ஒரு குடம் நல்ல தண்ணீரை உறுதிசெய்ய முடியவில்லை. தீட்டு என்பது ஒருநாளும் சுகாதாரம் பற்றியது அல்ல.

இதெல்லாம் முதலாம் ஆண்டுப் பாடத்துக்குள் இருக்கும் செய்திகளிலிருந்தே புரிந்துகொள்ளக் கூடியவை. அப்படியானால், செல்லையும் மூலக்கூறையும் கரைத்துக் குடித்த பேராசிரியர்கள் தங்கள் பிள்ளைகளுக்கு வரன் தேடும்போது ஏன் உட்சாதி வரை பார்க்கிறார்கள்? அறிவியல் படித்தால் சாதி தானாகக் கரைந்துவிடும் என்பது நம்மவர்கள் பலரின் நம்பிக்கை. அந்த நம்பிக்கைக்குச் சான்று இல்லை.

அறிவியலின் வரலாறே இதைச் சொல்லும். எல்லாச் செல்களும் செல்களிலிருந்தே வருகின்றன என்ற விதியைப் பாடப்புத்தகங்கள் ருடால்ஃப் விர்ஷோ பெயரில், 1855 என்று சொல்கின்றன. செல்கள் இரண்டாகப் பிரிந்தே பெருகுகின்றன என்பதைக் கருக்களில் பார்த்து, 1852-லேயே அறிவித்தவர் ராபர்ட் ரேமாக். அவர் யூதர். மதம் மாறினால் பேராசிரியர் பதவிக்கு வழி திறக்கும் என்ற நிலையிலும் அவர் மாறவில்லை. பெர்லினில் முழுப் பேராசிரியர் பதவி அவருக்குக் கடைசிவரை கிடைக்கவில்லை. நுண்ணோக்கியில் அவர் கண்டது உண்மை என்று நிலைத்துவிட்டது. அவரை வெளியே நிறுத்திய சுவர் அப்படியே நின்றது. முடிவுகளை மட்டும் எடுத்துக்கொண்டு, கேள்வி கேட்கும் உரிமையை ஒரு சிலருக்கே ஒதுக்கிவைக்க முடியும் என்பதற்கு இது போதாதா?

எனக்கு இது புத்தகத்தில் படித்துத் தெரிந்த விஷயமல்ல. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். பதினொன்றாம் வகுப்பில், செல்லுக்குள் எது போகலாம், எது போகக்கூடாது என்று செல் சவ்வுக்கு எப்படித் தெரிகிறது என்று கேட்டேன். "உங்களுக்கெல்லாம் மனப்பாடம் பண்ணா போதும், பாஸ் ஆயிடலாம்" என்றார் ஆசிரியர். அந்த 'உங்களுக்கெல்லாம்' யார் யார் என்று வகுப்பில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. இன்று என் ஆய்வு அந்தச் சவ்வைப் பற்றியதுதான். ஆனால் அதன் பிறகு இளங்கலை முடியும்வரை நான் வகுப்பில் ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

அப்படிப்பட்ட நானே அன்று ஒரு தவறு செய்தேன். கன்னச் செல் செய்முறையின் ரெக்கார்டு நோட்டுகள் திருத்த வந்தன. பெரும்பாலானவற்றில் புத்தகத்துப் படம் அச்சு அசலாக இருந்தது. பலர் வகுப்புக்கு வருவதற்கு முன்பே, சீனியர் நோட்டைப் பார்த்து வரைந்து முடித்திருந்தார்கள். கடைசி வரிசையில் அமைதியாக இருக்கும் ஒரு மாணவியின் படம் மட்டும் வேறு மாதிரி. ஒரு செல்லின் ஓரம் மடிந்திருந்தது. இன்னொன்று அதன் மேல் ஏறியிருந்தது. சுற்றிலும் சின்னச் சின்னப் புள்ளிகள். வெளித்தேர்வாளர் மதிப்பெண்ணைக் குறைப்பார் என்ற பயத்தில், சிவப்பு மையால் 'மீண்டும் வரைக' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். விடுதிக்குத் திரும்பிய பிறகுதான் உறைத்தது. முப்பது பேரில் நுண்ணோக்கியில் தெரிந்ததை வரைந்தவர் அவர் ஒருவர்தான். அந்தப் புள்ளிகள் வாயில் வாழும் பாக்டீரியாக்கள். கண்ணால் கண்டதை விட்டுவிட்டு, மேலே இருப்பவர் சொன்னதை எழுது என்று நான் கற்றுக்கொடுத்திருக்கிறேன். சாதியும் நமக்கு அதைத்தானே கற்றுக்கொடுத்தது?

அறிவியல் மனப்பான்மையை வளர்ப்பது குடிமக்களின் கடமை என்று 1976 முதல் அரசமைப்புச் சட்டத்தின் 51ஏ பிரிவு சொல்கிறது. அதை மேற்கோள் காட்டும் நாம், அது எங்கே தொடங்க வேண்டும் என்று பேசுவதில்லை. ரெக்கார்டு நோட்டில் தொடங்கட்டும். பார்த்ததை வரைபவருக்கு மதிப்பெண் கொடுங்கள். செய்முறை வகுப்பில் ஜீன், ரத்தம், தீட்டு பற்றிய கேள்வி வந்தால் "பாடத்தை மட்டும் பேசு" என்று அடக்காமல், சான்று கேளுங்கள். ரேமாக்கின் பெயரையும் சொல்லிக் கொடுங்கள். முதல் தலைமுறை மாணவர் கேட்கும் கேள்விக்குப் பதில் தெரியாவிட்டால், "எனக்குத் தெரியாது, சேர்ந்து பார்ப்போம்" என்று சொல்லுங்கள். அந்த ஒரு வாக்கியம் எனக்குப் பதினாறு வயதில் கிடைத்திருந்தால் நான் இழந்த ஆண்டுகள் மிஞ்சியிருக்கும்.

மறுவாரம் அந்த மாணவியின் நோட்டை வாங்கி, நான் எழுதியதை அடித்துவிட்டு, 'சரி. புள்ளிகள் பாக்டீரியா' என்று கீழே எழுதினேன். அவர் அதை இரண்டு முறை படித்துவிட்டு, "அப்ப நான் பார்த்தது தப்பில்லையாண்ணா?" என்று கேட்டார்.

"இல்லம்மா. நான் எழுதினதுதான் தப்பு" என்றேன்.