மீட்ட பிள்ளையை வீட்டுக்கு அனுப்புங்கள்

"ஒன்றிரண்டு தவறு நடக்கத்தான் செய்யும், அதற்காக ஊழியத்தையே குறைசொல்லலாமா?" கானாவின் வோல்டா ஏரிப் பகுதியில் நடக்கும் குழந்தை மீட்புப் பணி பற்றி பிபிசி ஆப்பிரிக்கா ஐ 2023 ஜூலையில் வெளியிட்ட ஆவணப்படத்துக்குச் சபை வட்டாரங்களில் சொல்லப்படும் சமாதானம் இது. முந்தைய ஆண்டு ஒரு சிற்றூருக்குள் இரவில் போலீசார் புகுந்து நான்கு பிள்ளைகளை அழைத்துப் போனார்கள். கடத்தப்பட்டவர்கள் என்று மாதக்கணக்கில் காப்பகத்தில் வைக்கப்பட்ட அவர்கள், சொந்த உறவினரிடம் வளர்ந்தவர்கள் என்கிறது படம். அதில் தொடர்புடைய இன்டர்நேஷனல் ஜஸ்டிஸ் மிஷன் என்ற அமெரிக்கக் கிறிஸ்தவ அமைப்பு, தன்மீதான குற்றச்சாட்டை மறுத்திருக்கிறது. மறுக்கட்டும். மீட்ட பிள்ளையை அடுத்து யார் கையில் ஒப்படைக்கிறோம் என்பதுதான் என் கேள்வி.

வோல்டாவில் கொடுமையே இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. 1965இல் அகோசோம்போ அணை கட்டி முடிக்கப்பட்டபோது, பெரும்பகுதிக் காட்டை வெட்டாமலே மூழ்கவிட்டார்கள். அந்தப் பட்டமரங்கள் இன்னும் நீருக்கடியில் நிற்கின்றன. வலை அதில் சிக்கினால் முங்கிப் போய் எடுத்துவிடச் சின்ன உடம்பும் சின்ன விரலும் தோதானவை. அதற்காகத்தான் சிறுவர்களைக் கொண்டுவருகிறார்கள். கலங்கல் நீரில் கிளையில் மாட்டி மேலே வராமலே போன பிள்ளைகள் உண்டு. வின்னெபா போன்ற கடலோர ஊர்களில், கொஞ்சம் பணத்துக்கும் படிக்கவைக்கிறோம் என்ற வாக்குக்கும் நம்பி அனுப்பப்பட்டவர்கள் பலர். அவர்களை மீட்டே ஆக வேண்டும். கானாவில் 2005லிருந்தே ஆள்கடத்தல் தடுப்புச் சட்டமும் இருக்கிறது.

மீட்ட கையோடு காப்பகம். காப்பக வாசலில் வெளிநாட்டு வாலிபர் குழு. இரண்டு வாரம் தங்கிப் பாட்டு, விளையாட்டு, வேதாகமக் கதை, சுவருக்குப் பெயின்ட். வேனை விட்டு இறங்கியதும் ஓடிவந்து இடுப்பைக் கட்டிக்கொண்டு மடியில் ஏறிய பிள்ளையைப் பற்றித்தான், ஊர் திரும்பி சபையில் சாட்சி சொல்லும்போது முதலில் சொல்கிறார்கள். முன்பின் தெரியாத ஆளிடம் ஒரே நிமிடத்தில் ஒட்டிக்கொள்வதைக் கவனிப்பாரின்றி வளர்ந்ததால் வரும் பாதிப்பின் அறிகுறியாகக் குழந்தை மனநல மருத்துவர்கள் பார்க்கிறார்கள். 2000இல் ருமேனியாவின் புக்கரெஸ்ட்டில் 136 காப்பகக் குழந்தைகளை வைத்துத் தொடங்கிய ஆய்வில், வளர்ப்புக் குடும்பங்களுக்குப் போன பிள்ளைகள்தான் உறவுப் பிணைப்பில் மேலே வந்தார்கள். காயத்தைப் பாசம் என்று நினைத்துப் படம் எடுத்துக்கொண்டு விமானம் ஏறுகிறோம். அடுத்த வாரம் அதே பிள்ளை வேறொரு குழுவின் மடியில் ஏறுகிறது.

சேவ் த சில்ட்ரன் 2009இல் வெளியிட்ட கணக்கை எத்தனை முறை எழுதினாலும் எனக்கு அலுக்காது. உலகில் காப்பகங்களில் இருக்கும் பிள்ளைகளில் ஐந்துக்கு நால்வருக்குத் தாயோ தகப்பனோ உயிரோடு இருக்கிறார்கள். ஐந்தில் நான்கு! பெற்றவள் இருக்க, பிள்ளை ஏன் விடுதியில்? விடுதிக்குக் காணிக்கை வருகிறது, குடிசைக்கு வருவதில்லை. இது ஆப்பிரிக்கக் கதை என்று ஒதுங்கிக்கொள்ளவும் முடியாது. நேபாள மலைக் கிராமங்களிலிருந்து கொண்டுவரப்பட்டு கோவையில் ஒரு கிறிஸ்தவ விடுதியில் வைக்கப்பட்டிருந்த இருபதுக்கும் மேற்பட்ட சிறுமிகள் 2011இல் மீட்கப்பட்டார்கள். விசுவாசத்துக்காகக் கொல்லப்பட்டவர்களின் பிள்ளைகள் என்று அவர்களை வெளிநாட்டு நன்கொடையாளர்களுக்குக் காட்டியிருந்தார்கள். பலரைப் பெற்றவர்கள் ஊரில் இருந்தார்கள்.

வேறு வழி இருக்கிறது, அதுவும் நம் கண்ணெதிரிலேயே. திருவள்ளூர், காஞ்சிபுரம் பக்கத்துச் செங்கல் சூளைகளிலும் அரிசி ஆலைகளிலும் கொத்தடிமையாகக் கிடந்த இருளர் குடும்பங்களை 1976ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் எப்படி விடுவிக்கிறார்கள் என்று பாருங்கள். கோட்டாட்சியர் நேரில் விசாரிக்கிறார். வாங்கிய முன்பணம் செல்லாது என்று விடுவிப்புச் சான்றிதழ் கையில் தருகிறார். உடனடி நிவாரணமாக 30,000 ரூபாய் வரை தர வழி இருக்கிறது. மண் குழைத்த தாயும் கல் அடுக்கிய மகனும் ஒரே வண்டியில் ஊர் போய்ச் சேர்கிறார்கள். நிவாரணம் தாமதமாகிறது, வீட்டுமனைப் பட்டாவுக்கு அலையவிடுகிறார்கள், வழக்கு இழுக்கிறது, எல்லாம் உண்மை. ஆனாலும் தாயிடமிருந்து பிள்ளையைப் பிரிப்பதில்லை. திருவள்ளூரில் விடுதலையான இருளர்களே சொந்தமாகச் சூளை நடத்தும் அளவுக்கு அந்த வழி வளர்ந்திருக்கிறது. தமிழ்நாட்டில் இந்த விடுவிப்புப் பணியில் அரசு அதிகாரிகளுடன் நின்றதும் அதே இன்டர்நேஷனல் ஜஸ்டிஸ் மிஷன்தான். இங்கே தெரிந்த வழி அங்கே ஏன் தெரியாமல் போயிற்று?

அன்பு செலுத்துவதைத் தடுக்கலாமா என்று கேட்பவர்களிடம் எனக்கு அதிகம் பேச ஒன்றுமில்லை. அன்பு காட்ட வேண்டியவர்கள் வின்னெபாவில் இருக்கிறார்கள். பெற்றோரே விற்றார்களே என்கிறார்கள். கடனுக்கும் பசிக்கும் பிள்ளையை அனுப்பிய குடும்பத்துக்கு வலையும் படகும் பள்ளிச் செலவும் கொடுத்துப் பார்த்தபிறகு அதைச் சொல்லட்டும்.

தொண்டர் பயணங்கள் காப்பகப் பிள்ளைகளுக்குச் செய்யும் கேட்டைத் தடுக்க நடவடிக்கை வேண்டும் என்று ஐ.நா. பொதுச்சபை 2019 டிசம்பரிலேயே தீர்மானம் போட்டுவிட்டது. தீர்மானம் போதாது, சட்டம் வேண்டும். மீட்கப்பட்ட பிள்ளைகள் இருக்கும் எந்த விடுதிக்குள்ளும் சில வாரத் தொண்டர்களை விடக் கூடாது. கானாவில், நேபாளத்தில், இங்கேயும். அந்தத் தடை வந்தால், பார்க்க வருவோரின் காணிக்கையில் ஓடும் விடுதிகளில் பாதி ஓராண்டில் மூடிவிடும். பிள்ளைகள் வீடு போய்ச் சேர்வார்கள்.